கூடத்து வெளிச்சத்துக்கு ஒரு கேமரா: குடும்பப் படங்களுக்கான முதல் நல்ல கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிற்பவரைப் படம் பிடிக்க இன்றைய கைப்பேசியே போதும். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் காலை எட்டு மணிக்கு எடுத்த படத்தைச் சின்னத் திரையில் காட்டினால், அது எதில் எடுத்தது என்று தேர்ந்தவர்களாலும் எளிதில் சொல்ல முடியாது. கைப்பேசி தடுமாறும் இடங்கள் வேறு. இரவு எட்டு மணிக்குக் கூடத்து விளக்கின் கீழ் இரண்டு வயதுக் குழந்தை ஓடும்போது தடுமாறும். பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதுவதற்காக விளக்கை அணைக்கும்போது தடுமாறும். பாலர் பள்ளி ஆண்டு விழாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கும்போதும் அப்படித்தான். வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளைகளோடு கிடைக்கும் நேரமே பெரும்பாலும் இரவு நேரம் என்பதால், குடும்பப் படங்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி இடங்களில்தான் அமையும். உங்கள் கூடம் எவ்வளவு நீளம், அங்கே எவ்வளவு வெளிச்சம் என்ற இரண்டையும் வைத்துத்தான் கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேடத் தொடங்கினால் முதலில் முடிவாக வேண்டியது லென்ஸ். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, அதற்குப் பிறகுதான்.

அளவு நாடாவோடு தொடங்குங்கள்

நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் சோபா, தொலைக்காட்சி மேசை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் போக, படம் எடுப்பவர் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் எதிரே இருப்பவருக்கும் அவருக்கும் இடையே மூன்று மீட்டர்தான் மிஞ்சும். உங்கள் வீட்டில் எவ்வளவு என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் எந்தக் கணக்கையும்விட இந்த ஓர் எண் பயன்படும்.

கணக்கு எளிது. சென்சாரின் (படத்தைப் பதியும் சில்லின்) அகலத்தை லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மிமீ எண்ணால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்கினால் படத்துக்குள் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். முதல் கேமராவாகப் பலரும் வாங்குவது ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் கொண்டது. அதன் அகலம் 23.5 மிமீ, கேனனில் மட்டும் கொஞ்சம் குறைவு, 22.3. மூன்று மீட்டர் தூரத்தில் 50 மிமீ லென்ஸில் அடங்குவது 1.4 மீட்டர் அகலம்தான், அதாவது இரண்டு பேர். 35 மிமீ லென்ஸில் 2 மீட்டர் அடங்கும். மூவர் அமரும் சோபா முழுதாக வந்துவிடும். 23 மிமீ என்றால் 3 மீட்டர்: தாத்தா பாட்டியையும் சேர்த்து நிற்கவைக்கலாம். 16 மிமீ இன்னும் அகலம், ஆனால் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் இழுபட்டுத் தெரியும். அத்தை அந்தப் படத்தை மன்னிக்க மாட்டார்.

இங்கேதான் பலர் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். "முதல் லென்ஸ் 50 மிமீ எஃப் 1.8" என்பது முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராக்கள் காலத்திலிருந்து வரும் அறிவுரை. முழுச்சட்டச் சென்சாரின் அகலம் 36 மிமீ என்பதால் அங்கே 50 மிமீ லென்ஸ் மூன்று மீட்டரில் 2.2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அதே லென்ஸை ஏபிஎஸ்-சி பாடியில் மாட்டினால் நம் வீடுகளில் அது முகங்களுக்கு மட்டுமே ஆகும் லென்ஸாகிவிடுகிறது. குழந்தையின் முகத்தை எடுக்க அருமையானது, சந்தேகமில்லை. ஆனால் அது ஒன்று மட்டுமே கையில் இருந்தால் பிறந்தநாள் அன்று வாசல் வரை பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஏபிஎஸ்-சி வாங்குபவர் முதல் லென்ஸாக 23 முதல் 35 மிமீ வரை உள்ளதைப் பாருங்கள். மூன்றறை வீட்டில் இருப்பவர்கள் 23 பக்கம் சாய்வது நல்லது. ஐந்தறை வீடென்றால் 30 அல்லது 35 தாராளமாகப் போதும்.

எஃப் எண் ஏன் இவ்வளவு முக்கியம்

வெளிச்சம் உள்ளே வரும் துளையின் அளவைச் சொல்வதுதான் எஃப் எண்; எண் சிறிதானால் துளை பெரிது. கேமராவோடு சேர்த்துத் தரப்படும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் துளை எஃப் 5.6 அல்லது 6.3 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸோடு ஒப்பிட்டால் எஃப் 5.6 உள்ளே விடும் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இது கூடத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நடக்கும் குழந்தையை மங்கலில்லாமல் பிடிக்க ஷட்டர் 1/250 நொடி மட்டுமே திறந்திருக்க வேண்டும். ஓடினால் 1/500, குதித்தால் அதற்கும் மேல். உட்கார்ந்து பேசும் பெரியவருக்கு 1/125 போதும். வழக்கமான எல்இடி விளக்கு எரியும் கூடத்தில் 1/250 நொடிக்கு எஃப் 1.8 லென்ஸ் கேட்பது ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதுதான் ஐஎஸ்ஓ.) இன்றைய எந்த ஏபிஎஸ்-சி கேமராவும் அதில் நல்ல படம் தரும். எஃப் 5.6 கிட் லென்ஸ் அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 16,000-க்கு மேல் கேட்கும். தோல் நிறம் சிதைந்து, கண்ணிமை முடி கரைந்து, புள்ளி புள்ளியாக ஒரு படம் வரும். கேமராவைத் தானியங்கி முறையில் விட்டிருந்தாலோ அது ஐஎஸ்ஓவை அவ்வளவு ஏற்றத் தயங்கி, ஷட்டர் வேகத்தை 1/40-க்கு இறக்கிவிடும். குழந்தை இருக்கும் இடத்தில் ஒரு கலங்கல்தான் இருக்கும். "ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கியும் கைப்பேசிப் படம்தான் நன்றாக இருக்கிறது" என்று அலுத்துக்கொள்பவர்களின் கையில் பெரும்பாலும் கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கும்.

அதற்காகக் கிட் லென்ஸைத் தள்ளிவிட வேண்டாம். தோட்டத்திலும் கடற்கரையிலும் பயணத்திலும் அது நல்ல லென்ஸ். பாடியோடு சேர்த்து வாங்கும்போது விலையும் அதிகமில்லை. அதற்குத் துணையாக எஃப் 1.4 முதல் எஃப் 2 வரை உள்ள ஒரு பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லென்ஸ் மாற்றவே பிடிக்காது, ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்பவர்கள் சிக்மாவின் 18-50 மிமீ எஃப் 2.8 லென்ஸைப் பார்க்கலாம். சோனி, ஃபூஜிஃபில்ம், கேனன் மூன்றின் மவுண்ட்டிலும் (லென்ஸ் மாட்டும் அமைப்பிலும்) அது கிடைக்கிறது. ஜூம் முழுவதும் எஃப் 2.8 மாறாமல் நிற்கும், கையளவுதான் இருக்கும், கூடம் முதல் பூங்கா வரை கழற்றாமலே ஓட்டலாம். எஃப் 1.8-ஐவிட வெளிச்சம் பாதிக்கும் கொஞ்சம் குறைவு என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அகலத் துளைக்கு ஒரு விலை உண்டு: கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மிமீ லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலுள்ள குழந்தையை எடுத்தால் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான் கூர்மையாக இருக்கும். கண் தெளிவாக, காது மங்கலாக வரும். இரண்டு மீட்டரில் அது 24 சென்டிமீட்டராகும். அக்காள் முன்னேயும் தம்பி ஓரடி பின்னேயும் நின்றால் ஒருவர் முகம்தான் தெளிவாக இருக்கும். இருவரையும் ஒரே கோட்டில் நிற்கவையுங்கள், இல்லையென்றால் எஃப் 2.8-க்குப் போங்கள். இரண்டு வரிசைக் குடும்பப் படத்துக்கு எஃப் 4 வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும்.

மேடைக்கு ஒரு லென்ஸ்

பத்தாவது வரிசையிலிருந்து மேடை ஏறத்தாழ 12 மீட்டர். அந்தத் தூரத்தில் 200 மிமீ வரை போகும் ஜூம் இருந்தால், கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது 1.4 மீட்டர் உயரம் அடங்கும். ஆறு வயதுப் பிள்ளை தலை முதல் சலங்கை வரை வந்துவிடும். கேனனின் 55-210, நிக்கானின் 50-250, சோனியின் 55-210 மூன்றும் இந்த வேலைக்கானவை. துளை சிறியதுதான், ஆனாலும் மேடை விளக்கு கூடத்து விளக்கைவிடப் பலமடங்கு பிரகாசமானது என்பதால் ஐஎஸ்ஓ 3200-க்கும் 6400-க்கும் இடையில் சமாளித்துவிடலாம். வருடத்துக்கு இரண்டு முறைதான் மேடை வேலை என்றால் வாங்கவே வேண்டாம். சிங்கப்பூரில் லென்ஸை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. விழாவுக்கு முந்தைய நாளே எடுத்து வந்து வீட்டில் ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள்.

பாடியில் எதைப் பார்ப்பது

கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் ஃபோகஸ்தான் முதல் தகுதி. குழந்தை கேமராவை நோக்கி ஓடி வரும்போது கண்ணைவிட்டு விலகாத ஃபோகஸ் வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் சமாதானம் செய்துகொள்ளலாம், இதில் வேண்டாம். கேனன் ஆர்50, ஆர்10, சோனி ஏ6700, நிக்கான் இசட்50-இன் இரண்டாம் பதிப்பு ஆகியவை இதில் நம்பகமானவை. 2019-இல் வந்த சோனி ஏ6400 கூட இன்னும் கைவிடாது. பழைய சரக்காகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் நல்ல தேர்வு. அதே 2019-இல் வந்த நிக்கான் இசட்50-இன் முதல் பதிப்பு வேறு கதை. 2024-இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிக்கானின் உயர்தர இசட்8, இசட்9 கேமராக்களில் இருக்கும் அதே செயலிக் குடும்பம் இருக்கிறது; ஃபோகஸில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வாங்கும்போது பெட்டியில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஃபூஜிஃபில்மின் எக்ஸ்-எஸ்20 ஓடும் பிள்ளையைப் பின்தொடர்வதில் இவற்றைவிட ஒரு படி பின்னேதான் நிற்கிறது. ஆனால் கணினியில் உட்கார்ந்து படத்தைத் திருத்த நேரமே இல்லை என்பவர்களுக்கு, கேமராவிலிருந்து அப்படியே வெளிவரும் அதன் நிறங்கள் பெரிய வரம்.

அடுத்தது வியூஃபைண்டர். நம் ஊர் நடுப்பகல் வெயிலில் பின்பக்கத் திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் சாளரம் இருந்தால் வெயில் தொல்லை இல்லை, கையும் ஆடாது. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எம்5, சோனி இசட்வி-இ10 போன்றவற்றில் வியூஃபைண்டர் கிடையாது. அவை காணொளி எடுப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கடையில் கண்ணாடியோடே பார்த்து, நாலு மூலையும் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பாடிக்குள்ளேயே நடுக்கத்தைக் குறைக்கும் வசதி ஏ6700, எக்ஸ்-எஸ்20 போன்றவற்றில் உண்டு. ஆர்50, இசட்50-இல் இல்லை. விற்பவர்கள் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். அது குறைப்பது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே. ஓடும் குழந்தையை அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வழி. நடந்துகொண்டே காணொளி எடுப்பவர்களுக்கும், அசையாத பொருள்களை இருட்டில் எடுப்பவர்களுக்கும் அது உதவும். குடும்பப் படங்களுக்கு, அந்த வசதிக்குக் கொடுக்கும் கூடுதல் காசை லென்ஸில் போடுவதே மேல்.

மெகாபிக்சல் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஏ3 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிடவே 17.4 மெகாபிக்சல்தான் தேவை. 24 இருந்தால் ஓரங்களை வெட்டிக்கொள்ளவும் இடம் இருக்கும்.

முழுச்சட்டக் கேமரா வாங்கலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அதன் சென்சார் பரப்பு ஏபிஎஸ்-சியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். கேனன் ஆர்8 போன்றவை எடையிலும் சிறியவை. ஆனால் அதற்கான நல்ல ஜூம் லென்ஸ்கள் பெரியவை, விலையும் கூடுதல். பாடிக்கே பணம் தீர்ந்து, எஃப் 4.5-இல் தொடங்கும் கிட் லென்ஸோடு நின்றுபோவதாக இருந்தால் முழுச்சட்டம் வாங்கிய பயன் முழுவதும் போய்விடும். எஃப் 1.8 லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்க முடிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

எடைக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வது நல்லது. பால் புட்டி, துண்டு, மாற்று உடுப்பு எல்லாம் இருக்கும் பையில் பாடியும் லென்ஸும் சேர்ந்து 700 கிராமைத் தாண்டினால், மூன்றாவது மாதத்திலிருந்து கேமரா வீட்டிலேயே தங்கிவிடும்.

சித்தப்பாவிடமோ அண்ணனிடமோ பழைய லென்ஸ்கள் இருந்தால் அதே நிறுவனத்துக்குப் போவதில் லாபம் உண்டு. கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்கள் இடைவளையம் (அடாப்டர்) போட்டால் புதிய ஆர் பாடிகளில் ஃபோகஸ் உட்பட முழுமையாக வேலை செய்யும். நிக்கானில் எச்சரிக்கை தேவை: பாடிக்குள் இருக்கும் மோட்டாரை நம்பி இயங்கிய ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்கள் எஃப்டிஇசட் இடைவளையத்தில் மாட்டும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது.

பணத்தைப் பிரிப்பது

கையில் 2,000 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட் லென்ஸோடு பாடிக்கு 1,300-க்கு மேல் போகாதீர்கள். பிரைம் லென்ஸுக்கு 400 முதல் 500 வரை ஒதுக்குங்கள். மீதியில் 64 ஜிபி நினைவு அட்டை, ஒரு கூடுதல் பேட்டரி, டிரை கேபினெட் (ஈரத்தை உறிஞ்சும் சிறு அலமாரி). இந்தக் கடைசிப் பொருளைத் தள்ளிப்போட வேண்டாம். காரணம் கீழே வருகிறது. 1,000 வெள்ளிதான் என்றால் புதிய பாடியும் கிட் லென்ஸும் வாங்குவதைவிட, பயன்படுத்திய பாடியும் எஃப் 1.8 லென்ஸும் வாங்குவது உங்கள் கூடத்துக்கு நல்லது.

கடையில்

சிங்கப்பூர்க் கேமராக் கடைகளில் இரண்டு விலை சொல்வார்கள்: லோக்கல் செட், எக்ஸ்போர்ட் செட். லோக்கல் செட் என்றால் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரிவு தரும் உத்தரவாதம் உண்டு. எக்ஸ்போர்ட் செட் வேறு வழியாக இறக்குமதியானது; உத்தரவாதம் அந்தக் கடையுடையது மட்டும். கேமரா ஒன்றுதான், விலை குறைவு. பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். லென்ஸில் எக்ஸ்போர்ட் செட் வாங்குவது பெரிய ஆபத்தில்லை. மின்னணுப் பாகங்கள் நிறைந்த பாடிக்கு லோக்கல் செட்டே நல்லது.

சொல்லும் விலையில் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு; 1,500 வெள்ளிப் பொருளில் 135 வெள்ளி. கடன் அட்டைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்கினால் வரி தப்பும் என்று எண்ண வேண்டாம். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இறக்குமதியின்போது ஜிஎஸ்டி உண்டு.

குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012-இல் நடப்புக்கு வந்த லெமன் சட்டத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். கேரசல் இணையச் சந்தையில் தனிமனிதரிடம் வாங்குவதற்குப் பொருந்தாது. ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் அச்சாகும் தாள் சில மாதங்களில் மங்கிவிடும்.

கடைக்குப் போகும்போது சொந்த நினைவு அட்டையைக் கொண்டுபோங்கள், முடிந்தால் குழந்தையையும். தொடர் ஃபோகஸ், கண் கண்டறிதல், 1/250 நொடி, அகலத் துளை என்று வைக்கச் சொல்லி, துணைவர் உங்களை நோக்கி ஐந்து மீட்டர் நடந்து வரட்டும். தொடர்ச்சியாக இருபது படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் கண்ணருகே பெரிதாக்கிப் பாருங்கள். பதினைந்துக்கு மேல் கூர்மையாக இருந்தால் நம்பி வாங்கலாம். அன்றைக்கே வாங்கியாக வேண்டும் என்று யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள்.

பழையது வாங்கினால் டார்ச் அவசியம்

சிட்டி ஹால் அருகில் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பயன்படுத்திய கேமராக்களுக்குப் பெயர்போனது. அங்கே வாங்கினாலும் வேறு எங்கே வாங்கினாலும் லென்ஸைச் சோதிக்கும் முறை ஒன்றுதான். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றி, இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு, பின்புறத்திலிருந்து கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்புறம் வழியாகப் பாருங்கள். ஓரிரு தூசி இருந்தால் கவலையில்லை. சிலந்தி வலைபோல் கிளை விட்ட மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முழுவதும் பால் படர்ந்ததுபோல் தெரிந்தால் உள்ளே படலம் கட்டியிருக்கிறது, அதுவும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் ஈர அலமாரி வாசம் அடித்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள்.

பாடிக்கு: துளையை எஃப் 16-இல் வைத்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்குங்கள். சென்சாரில் இருக்கும் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். தூசியைச் சுத்தம் செய்துவிடலாம், கீறல் போகாது. பிடிமான ரப்பர் பிசுபிசுக்கிறதா, அட்டை மூடி இறுக மூடுகிறதா, யூஎஸ்பி வழியாக மின்னேறுகிறதா, ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் உலோகத் தொடுமுனைகள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள்.

ஈரம்: இங்கே கேமராவைக் கொல்வது இதுதான்

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பூஞ்சை வளர 65 விழுக்காடே தாராளம். கேமராவைப் பையில் போட்டுத் துணி அலமாரியில் வைத்தால் சில மாதங்களிலேயே லென்ஸின் உட்கண்ணாடியில் வேர் விடத் தொடங்கும். அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடுவதால் சுத்தம் செய்தாலும் வடு நிற்கும். 20 அல்லது 30 லிட்டர் மின்சார டிரை கேபினெட் ஒன்றை வாங்கி, முள்ளை 40-க்கும் 50-க்கும் இடையில் வைத்துவிடுங்கள். 30-க்குக் கீழே போனால் ரப்பரும் உள் மசகும் காய்ந்துபோகும். இடமில்லாதவர்கள் காற்றுப்புகாத டப்பா, சிறு ஈரமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மூன்றையும் வைத்துச் சமாளிக்கலாம். நிறம் மாறியதும் ஜெல்லை ஓவனில் 110 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்தால் மீண்டும் பயன்படும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் படியும். வெளியே போவதற்கு அரைமணி முன்பே கேமராவை இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த அறையைவிட்டு வெளியே வைத்துவிடுங்கள். நீர் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. மங்கியிருக்கும்போது லென்ஸைக் கழற்றக் கூடாது. ஈரக் காற்று சென்சார் வரை போய்விடும்.

முதல் வாரம் செய்யவேண்டிய அமைப்புகள்

துளையை நீங்கள் தேர்ந்தெடுக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் துளை முன்னுரிமை முறையில் வையுங்கள். தானியங்கி ஐஎஸ்ஓவை இயக்கி, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250, ஐஎஸ்ஓ உச்சம் ஏபிஎஸ்-சியில் 6400 என்று கட்டுங்கள். ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள். கேனனில் அதன் பெயர் சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. கண் கண்டறிதல் இயங்கட்டும். நொடிக்கு ஐந்து முதல் எட்டுப் படம் என்ற வேகம் போதும். அதற்கு மேல் வைத்தால் இரவில் உட்கார்ந்து ஒன்றுபோலிருக்கும் நூறு படங்களை அழிக்கும் வேலைதான் மிஞ்சும்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டரை வீட்டுக்குள் பயன்படுத்தும்போது படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுந்தால் கேமராவில் குறை என்று எண்ண வேண்டாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள், துடிப்புக் குறைப்பு வசதியை இயக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 1/100 நொடியில் எடுங்கள். சிராங்கூன் சாலைத் தீபாவளி ஒளியூட்டின் கீழே எடுக்கும்போதும் இதே வழிதான்.

நம் தோல் நிறத்துக்கு ஒரு முக்கியக் குறிப்பு. கேமரா எந்தக் காட்சியையும் சராசரியாக நடுச்சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர், சன்னல் வெளிச்சம் படத்தை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; மாநிற முகமும் கறுத்த முகமும் விவரமில்லாமல் இருண்டுபோகும். அங்கே வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள். சன்னலைப் பார்த்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது. இருண்ட மேடை நடுவே ஒளிவட்டத்தில் பிள்ளை நின்றாலோ நேர்மாறு நடக்கும், முகம் வெளுத்துவிடும். அங்கே 1 வரை குறைக்க வேண்டும். தோலை மென்மையாக்கும், நிறத்தைக் கூட்டும் வசதிகள் எதையும் இயக்காதீர்கள். பாட்டியின் முகம் பாட்டியின் நிறத்திலேயே இருக்கட்டும்.

கூடத்தில் வெள்ளை விளக்கும் சமையலறையில் மஞ்சள் விளக்கும் எரிந்தால் முகத்தின் ஒரு பாதி நீலம், மறுபாதி ஆரஞ்சு. ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். பிறந்தநாள் மெழுகுவத்திக்கு மட்டும் கூடத்து விளக்கை அணைத்து, பக்கத்து அறை விளக்கை எரியவிடுங்கள். முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும், ஃபோகஸும் தடுமாறாது. அந்த நேரத்துக்கு 1/125-க்கு இறங்கலாம்.

வெளியே எடுக்கும்போது நடுப்பகல் சூரியன் உச்சந்தலையில் இருப்பதால் கண்குழியில் நிழல் விழும். புளோக்கின் கீழ்த்தளம் அந்த நேரத்துக்கு அருமையான இடம்: மேலே கூரை, பக்கத்திலிருந்து மென்மையான வெளிச்சம். பிள்ளையைத் தூண் வரிசையின் ஓரத்தில், வெளியே பார்த்து நிற்கவையுங்கள். மாலை வெளிச்சம் நல்லதுதான், ஆனால் இங்கே ஏழு மணிவாக்கில் சூரியன் மறைந்ததும் சட்டென்று இருட்டிவிடும். ஆறு மணிக்கே தயாராக இருங்கள்.

ஆறு மாதம் கழித்து அடுத்து என்ன வாங்கலாம் என்று தோன்றினால், இன்னொரு லென்ஸுக்கு முன் ஒரு சிறு ஃபிளாஷ். கோடாக்ஸ் டிடி350 போன்ற, தலை திரும்பும் வகையாக இருக்க வேண்டும். நம் வீடுகளின் தாழ்ந்த வெள்ளைக் கூரை அதற்காகவே செய்ததுபோல் இருக்கும். ஃபிளாஷின் தலையைக் கூரையை நோக்கி, சற்றுப் பின்னே சாய்த்து, ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/125 என்று வைத்து எடுங்கள். இருபது பேர் கூடிய தீபாவளிக் கூட்டம் முழுதும் ஒரே சீரான வெளிச்சத்தில் வரும். நேராக முகத்தில் அடித்தால் நெற்றி பளபளக்கும், பட்டுச்சேலைச் சரிகை வெள்ளையாக எரியும். வாங்கும் ஃபிளாஷ் உங்கள் கேமரா நிறுவனத்துக்கான வகையா என்று பாருங்கள். கேனன் ஆர்50-இல் புதுவகைத் தொடுமுனை மட்டுமே இருப்பதால் வழக்கமான ஃபிளாஷுக்கு ஏடி-இ1 என்ற இடைத்துண்டு தனியாக வேண்டும்.

படங்களைச் சேமிப்பதில் ஒரு பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இருப்பதை வாரம் ஒரு முறை கணினிக்கு மாற்றி, வெளி வட்டு ஒன்றிலும் நகல் எடுத்து, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகே அட்டையைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மூன்றாவது நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டு வட்டிலோ இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி அச்சிட்டு மாட்டப்போகிறார்கள் என்றால் அதை ஆவணமாக அனுப்புங்கள். முழு அளவில் போய்ச் சேரும்.